என் மொகம் எங்கிட்டதான்

— ‘கண்ண ஒரு தடவ மூடித் தொறக்கிறியா கலை?’ன்னு அன்னிக்கிக் கேட்டியே மாமா, எதுக்குன்னு எங்கிட்ட சொன்னியா?

— ஒலக்கூருக்கு வந்து நான் இன்னும் ஒரு வாய் தண்ணி குடிக்கல. அதுக்குள்ள பழசையே எடுக்கிறியே.

— எது பழசு? சிலிண்டரு மானியத்துக்குன்னு சொன்ன. நானும் நம்பி போனுக்கு முன்னால உக்காந்தேன். திரையில முட்டையாட்டம் ஒரு வட்டம். அதுக்குள்ள மொகத்த வையின்னுச்சி. திரும்புன்னுச்சி, திரும்புனேன். சிரின்னுச்சி, சிரிச்சேன். பச்சையா ஒரு டிக்கு வுழுந்துச்சி. மானியம் வரப்போவுதுன்னு எங்கம்மாவுக்கு ஜிலேபி வாங்கியாந்தேன்.

— ஜிலேபி என்னமோ நல்லாத்தான்டி இருந்துச்சி.

— நீ சும்மா இரும்மா.

— நீங்க சேர்ல நல்லா உக்காருங்க மாப்ள. நான் இப்பிடி உங்களுக்குப் பின்னால உக்காந்து வெதைக்கு மல்லாட்டக் கடல ஒடைக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க.

— இருக்கட்டும் அத்தை.

— அந்த போன எறக்க மாட்டியா? மூணு மாசங் கழிச்சிப் பொண்டாட்டியப் பாக்க வந்துக்கினு, சாமி வெளக்காட்டம் அதத் தூக்கிப் புடிச்சிக்கினு!

— உங்க ஊர்ல சிக்னல் எங்கடி இருக்குது? திண்டிவனத்துல மூட்ட ஏத்தணும், லோடுக்காரன் எந்நேரமும் கூப்புடுவான். கீழ எறக்குனா ஒரு கோடுகூட காட்டல. நீ பேசு, கேட்டுக்கினுதான் இருக்கேன்.

— போன்ல காசு கட்டி ஆடுற ஆட்டத்த நெசமாவே வுட்டுட்டியா?

— வுட்டுட்டேன்.

— விழுப்புரத்துல இருந்தப்பவும் இதே வாய்தான் இதையே சொல்லுச்சி. ரூபாய் இல்ல, காயினு. கம்பெனி எந்த நாட்டுல இருக்குதுன்னே தெரியாது. பேரு கேக்க மாட்டான், ஊரு கேக்க மாட்டான், ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாதுன்ன.

— தோத்தவரைக்கும் கேக்கலதான். ஒருநாள் ஜெயிச்சதும், நீ யாரு, ஆதார் அட்டையக் காட்டு, மூஞ்சக் காட்டுன்னான்.

— உன் மூஞ்சக் காட்ட வேண்டியதுதான?

— என் பேர்ல எது வுழுந்தாலும் கடன் குடுத்தவன் புடுங்கிக்குவான். அதான்...

— அதான் பொண்டாட்டி மூஞ்சி. அப்புறம் போலீசு கூப்புட்டு, ‘உன் கணக்குல யார் யாரு காசோ வந்து போவுதே, நீ யாரும்மா’ன்னு கேட்டப்ப உன் மூஞ்சி எங்க போச்சி? டேசன் பெஞ்சுல என்னைப் பாக்காதவங்க இல்ல. இன்னொரு தடவ வந்தா உம்மேலதான் கேசுன்னு சொல்லி அனுப்புனாங்க மாமா. உம்மேல இல்ல. எம்மேல.

— தப்புதான் கலை.

— அந்தக் கணக்கு இப்ப என்னா ஆச்சி?

— பூட்டிக் கெடக்குது. உன் மொகத்த மறுபடியும் காட்டுனாதான் தொறக்கும். கெடந்து மண்ணாப் போவட்டும்னு வுட்டுட்டேன்.

— அதான் நானும் தைரியமா இருக்கேன். என் மொகம் எங்கிட்டதான இருக்குது.

— கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் நவுந்து உக்காரு. இது என்னா முக்காடு, மழைக்கு ஒதுங்குனவளாட்டம்? எடுத்துடு.

— எடுத்தா பயந்துடுவ.

— எடுடி. மொகமே தெரியல.

— இந்தா. பாத்துக்க.

— முடி எங்க கலை?

— மேல்மலையனூருல. போன மாசம் போன்ல சத்தியம் பண்ணினல்ல, வுட்டுட்டேன்னு? ‘அவரு வுட்டுட்டா என் முடி உனக்கு’ன்னு ஆத்தாகிட்ட வேண்டியிருந்தேன். அமாவாசைக்குப் போயிக் குடுத்துட்டேன்.

— இடுப்பத் தொட்ட முடி மாப்ள. மொட்ட அடிக்கிறவரு ரெண்டு வாட்டி கேட்டாரு, நெசமாவா தாயின்னு.

— எனக்காவா குடுத்த?

— பின்ன, எதிர்வூட்டுக்காரனுக்காவா? என்னா மாமா, கண்ணு கலங்குது?

— தூசி. அங்க ரோட்டுல ஆடு ஓட்டிக்கினு போறது யாரு?

— எங்க? அதுவா, பூமாலை பெரிப்பா. கண்ணு தெரியலன்னு சொல்லிக்கினே ஆடு எண்ணுவாரு.

— கலை, இந்தப் பக்கம் பாருடி, கன்னு கயித்தக் கடிக்குது!

— பாத்தேம்மா. கடிக்கட்டும், பழங்கயிறுதான். நீ சொல்லு மாமா. இப்ப எதுக்கு வந்த?

— கூட்டிக்கினு போவத்தான். கண்ண மூடிக்க. நீ முடி குடுத்த அந்த ஆத்தாள நெனச்சிக்க. நானும் நெனச்சிக்கிறேன். இனிமே தொட மாட்டேன்.

— நெனச்சிட்டேன். தொறக்கட்டா?

— தொற. அழாத. கல்யாணத்தன்னிக்கி போட்டோக்காரன் ‘பின்னால போங்க சார், பின்னால போங்க’ன்னு சொல்லிக்கினே இருந்தானே, ஞாபகம் இருக்குதா?

— நீயும் போயிக்கினே இருந்த. சாம்பாரு குண்டான்ல காலு போயிடுச்சி!

— பட்டு வேட்டியெல்லாம் முருங்கக்காயி. பந்தியில அந்த சாம்பாரத்தான் ஊத்துனோம் மாப்ள, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.

— ஐயோ, எம்மா!

— இந்தச் சிரிப்பப் பாத்து எத்தினி நாளாச்சி.

— போ மாமா. ரொம்பத்தான். இரு, துணியெல்லாம் பையில போட்டுக்கினு வர்றேன். எம்மா, அவருக்குக் காபித்தண்ணி வையி.

— வைக்கிறேன்டி. ஜல்தியா வா.

— எம்மா! என் பச்சப் பொடவ எங்க வச்ச?

— கொடியில பாரு.

— எடுத்துக்கினேன். நான் ரெடி. அவரு எங்கம்மா?

— போயிட்டாருடி.

— போயிட்டாரா? வண்டியத் திருப்பப் போயிருப்பாரு.

— வண்டி ஏரிக்கரையத் தாண்டிடுச்சி. காபி கொதிக்குது மாப்ளன்னேன், திரும்பிக்கூட பாக்கல.

— லோடுக்காரன் கூப்புட்டானா?

— யாரும் கூப்புடல. போன் அடிக்கவே இல்ல. அவரு எழுந்திரிச்சப்பதான் பின்னாலருந்து பாத்தேன். போன்ல உன் மொகந்தான் தெரிஞ்சிது. மொட்டத் தலையோட அழகா சிரிச்சிக்கினு இருந்த. ஆசையா போட்டோ புடிச்சிருக்காருன்னு நெனச்சேன்.

— என் மொகம் எப்பிடித் தெரிஞ்சிதும்மா?

— முட்டையாட்டம் ஒரு வட்டத்துக்குள்ள. கீழ பச்சையா ஒரு டிக்கு.