இடப்பக்கம் ஒதுக்கிய முட்கள்

பெரிய வெள்ளிக்கிழமை. இரவு ஒன்பதே முக்கால். கல்லுண்டாய் வெளி.

பகலிலேயே ஆள் நடமாட்டம் குறைந்த தெரு அது. ஒரு பக்கம் வெறும் வெளி, மறுபக்கம் களப்புக் கடல். நடுவில் ஒரேயொரு மோட்டார் சைக்கிள். ஜெரோசன் ஓட்டுகிறான். பின்னால் அவன் மனைவி லவீனா. இருவருக்கும் நடுவில், துவாயில் சுற்றிய எட்டு மாதக் குழந்தை ஜெனிலா. குருநகர்க் கோயிலில் சிலுவையை முத்தமிட்டு வணங்கிவிட்டு, அராலியில் உள்ள வாடகை வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.

இந்த லவீனா வேறு யாருமில்லை... நமக்குத் தெரிந்த வசந்தினியின் தம்பி பெண்சாதிதான். வசந்தினி சொன்னதில் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கிட்ட வந்து இருங்கள். கரண்ட் வர எப்படியும் நேரமாகும்.

பாதி வழியில் லவீனாவின் கை அவன் தோளை இறுக்கியது.

"இஞ்சாருங்கோ... இண்டைக்குச் சாப்பாடு வைக்கேல்லை."

"ஆருக்கு?"

"முருங்கையடியிலை..."

ஜெரோசன் சிரித்தான். "நாங்கள் இண்டைக்கு ஒருநேரம் சாப்பிட்டு ஒருசந்தி. எலியும் ஒரு நாளைக்கு ஒருசந்தி இருக்கட்டுமன்."

அவள் சிரிக்கவில்லை. குழந்தையை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டாள். காற்று உப்பு மணத்தது.

எலிக்கு ஏன் சாப்பாடு என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல வேண்டும்.

அந்த வீடு பல வருஷம் பூட்டிக் கிடந்தது. குடிவந்த முதல் கிழமையே சீலிங் பலகைக்கு மேல் சத்தம் தொடங்கிவிட்டது. கற... கற... பிறகு ஒரு ஓட்டம். ஒரு நாள் விடியப்புறம் குழந்தை வீரிட்டு அழுதது. ஏணைத் தொட்டிலை விலக்கிப் பார்த்தால் சீலையில் இரத்தம். குதிகாலில் இரண்டு சின்னப் பல் அடையாளம்.

ஊசி போட்டுக் கொண்டுவந்த அன்றிலிருந்து ஜெரோசனுக்கு நித்திரை இல்லை. கூரையில் முட்டிய மாங்கொப்பை வெட்டினான். காற்றோட்ட ஓட்டைகளுக்குக் கம்பி வலை அடித்தான். சுவர்ப் பொந்துகளுக்குள் போத்தல் கண்ணாடியை நொறுக்கிப் போட்டு, சீமெந்தால் பூசினான். அரிசி தகர வாளிக்குள் போனது. தவழுகிற பிள்ளை இருக்கும் வீட்டில் எலி மருந்து வைக்க முடியாது. பொறி வைத்தான். பொறியில் தேங்காய்த் துண்டு மட்டும் காணாமல் போனது. மேலே... கற... கற...

கடைசியில் லவீனாவின் மாமியார் கத்தரீனா போனில் சொன்னார்.

"பிள்ளை, புனித மார்ட்டினாரிட்டைக் கேள். அவர் மடத்திலை நிண்ட எலியளை அடிக்கேல்லை. வெளியிலை வாங்கோ, தோட்டத்திலை சாப்பாடு தாறன் எண்டு கதைச்சவர். எல்லாம் வரிசையாப் போனதாம்."

"எலிக்கு அழைப்பிதழும் அடிக்கவோ அம்மா?" என்று பின்னால் நின்று ஜெரோசன் கேட்டான்.

"நீ வாயை மூடடா. உன்ரை சீமெந்தாலை என்ன நடந்தது?"

அன்றிரவு அவன் மீன்பிடிக்கக் கடலுக்குப் போன பிறகு, லவீனா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சீலிங்குக்குக் கீழே நின்றாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய்விட்டுச் சொன்னாள்.

"மேலை இருக்கிற எல்லாரும் கேளுங்கோ. என்ரை பிள்ளையை விட்டிடுங்கோ. வெளியிலை போங்கோ. என்ரை பிள்ளையைப் பார்க்கிற மாதிரி உங்களையும் பார்ப்பன். ஒரு நாளும் பசியிலை விடமாட்டன்."

மேலே சத்தம் நின்றது.

பிறகு... மழை பெய்வதுபோல் ஒரு ஓட்டம். நூறு சின்னக் கால்கள். பின்பக்கத்தால் இறங்கி, வளவுக்குள் போய், அடங்கியது. லவீனா சிலுவை போட்டுக்கொண்டு திரும்பினாள்.

அப்போதுதான் கடைசியாக ஒன்று. அது ஓடவில்லை. ஒவ்வொரு பலகையாக அழுத்தி... மெதுவாக... நடந்து போனது.

அதன் பிறகு வீட்டில் ஒரு எலி இல்லை. ஒரு புழுக்கையும் இல்லை. குழந்தை விடியும்வரை உறங்கியது. லவீனா ஒவ்வொரு இரவும் ஒரு அலுமினியத் தட்டில் சோறும் மீன்குழம்பும் போட்டு முருங்கையடியில் வைத்தாள். காலையில் தட்டு வெறுமையாக இருக்கும்.

ஒரு நாள் ஜெரோசன்தான் தட்டை எடுத்து வந்தான்.

"இஞ்சை பார். முள்ளெல்லாம் இடப்பக்கத்திலை வரிசையா ஒதுக்கி வைச்சிருக்கு. உன்ரை எலி நல்ல குடும்பத்துப் பிள்ளைதான்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு இருவருமே மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை தட்டு முருங்கையடியில் இல்லை. கிணற்றுக்கட்டில், கழுவி, கவிழ்த்து வைத்திருந்தது.

"நீயோ கழுவினனி?"

"இல்லை. நீங்களாக்கும் எண்டு நினைச்சன்."

அவன் தட்டை நிமிர்த்தி உள்ளே கொண்டுபோனான். ஆனாலும் அவள் சாப்பாட்டை நிறுத்தவில்லை. பிள்ளையின் குதிகால் ஆறிவிட்டதே. எந்தத் தாய் நிறுத்துவாள்?

இப்போது அந்தப் பெரிய வெள்ளி இரவுக்கு வாருங்கள்.

வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. லவீனா நேரே முருங்கையடிக்கு ஓடினாள். தட்டு இல்லை. கிணற்றுக்கட்டிலும் இல்லை.

கதவுப் பூட்டு பூட்டியபடி. வலைகள் அடித்தபடி. சீமெந்துப் பூச்சில் ஒரு வெடிப்பில்லை. கதவைத் திறந்ததும் நனைந்த சாக்கு மணம் முகத்தில் அடித்தது.

குசினியில் பாய் விரித்திருந்தது. பாயில் அவனுடைய தட்டு. அவளுடைய தட்டு. குழந்தையின் குட்டிக் கிண்ணம். நாலாவதாக... அந்த அலுமினியத் தட்டு. எல்லாம் துடைத்து, வெறுமையாக.

யாரோ பசியோடு காத்திருந்து எழுந்து போனதுபோல.

லவீனா அடுப்பு மூட்டினாள். வீட்டில் மீன் இல்லை. புதன்கிழமையிலிருந்து ஜெரோசன் கடலுக்குப் போகவில்லை. சோறும் சம்பலும்தான். அந்த அலுமினியத் தட்டில் கொண்டுபோய் முருங்கையடியில் வைத்து, "பிழை பொறுங்கோ... மறந்துபோனன்..." என்றாள்.

அன்று குழந்தையை ஏணையில் போடவில்லை. இருவருக்கும் நடுவில் கிடத்தினார்கள். விளக்கை அணைக்கவில்லை. குழந்தைக்கு மேலால் அவன் கையை நீட்டினான், அவள் பிடித்துக்கொண்டாள். அப்படியே கண் அயர்ந்துவிட்டார்கள்.

விடிய லவீனா எழும்பியபோது அவன் கை அவள் கைக்குள்ளேயே இருந்தது.

நடுவில் குழந்தை இல்லை.

"ஐயோ, பிள்ளை!"

கிறீச்... கிறீச்... என்று கயிற்றுச் சத்தம். ஏணை ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஜெனிலா, முழித்தபடி, மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டு.

லவீனா அள்ளியெடுத்து நெஞ்சோடு அணைத்தாள். பால் கொடுக்கப் பார்த்தாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயிறு நிறைந்து இறுகியிருந்தது. ஒரு சின்ன ஏப்பம் விட்டது.

மீன்குழம்பு மணம்.

ஏணைக்குக் கீழே அலுமினியத் தட்டு. அதன் இடப்பக்கத்தில், ஒன்றன் பின் ஒன்றாக, ஈரம் காயாத முட்கள். வெளியே முருங்கையடி நிலத்தில் சோறும் சம்பலும் தட்டில்லாமல், தொடப்படாமல் குவிந்து கிடந்தன. ஒரு எறும்புகூட மொய்க்கவில்லை.

அன்றைக்கே வீட்டை விட்டுக் குருநகருக்கு வந்துவிட்டார்கள். கடற்கரையோரம் சின்ன வீடு. சுற்றிவர எல்லா வீட்டிலும் எலி. இவர்கள் வீட்டில் மட்டும் இல்லை.

ஜெனிலாவுக்கு இப்போது நாலு வயது. கெட்டிக்காரி. தானே சாப்பிடுவாள். மீன் போட்டால் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, இடப்பக்கத்தில், வரிசையாக ஒதுக்கி வைப்பாள். பிறகு எழும்பிப் போய், எட்டாத கையால் தண்ணீர் வார்த்துக் கழுவி, தட்டைக் கவிழ்த்து வைப்பாள்.

யார் பழக்கினது என்று லவீனா இன்றுவரை அவளிடம் கேட்டதில்லை.

கேட்டால் பிள்ளை சொல்லிவிடுவாளே.