அறுபத்தொன்று எங்கேயும் போகவில்லை

உப்பைப் பனி விழுவதற்கு முன்னால் போட வேண்டும். அப்போதுதான் படியில் பனி உறையாது. விழுந்த பிறகு போடுகிறவர்கள்தான் ஊரில் அதிகம். அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுவார்கள். இருபத்தாறு வருடமாக ஈரி நகரத்தில் வீட்டு வாசல்களில் பனி தள்ளுகிறேன். என் வாடிக்கையாளர் ஒருவர்கூடத் தன் படியில் வழுக்கி விழுந்ததில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

டிடெக்டிவ் ஹாலோரன் மேடம், நீங்கள் ஃபுட்பால் பார்ப்பதில்லை என்றீர்கள். ஈரியில் அப்படியும் ஒருவர் இருக்கிறார் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். அதனால் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும். டேப் ஓடட்டும். வக்கீல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு ரோந்து போலீஸ்காரரிடம் வண்டி சறுக்கிவிட்டது என்று சொன்னேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதையும் இப்போது சரிசெய்துவிடுகிறேன்.

கோல்பி டெவ்ரீஸ், ஈரி ஆங்கர்ஸ் அணியின் சென்டர். சட்டை எண் அறுபத்தொன்று. சென்டர் என்றால், குனிந்து நின்று பந்தைக் கையால் தன் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவன். கொடுத்த அடுத்த நொடி நூற்றைம்பது கிலோ ஆள் ஒருவன் வந்து அவன் மேல் மோதுவான். டிவி கேமரா பந்தோடு போய்விடும். அவனை யாரும் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். ஏழு சீசன் பார்த்திருக்கிறேன்.

எங்கள் அணியை நடத்துபவர்களுக்கு அந்தக் கண் கிடையாது. போன மார்ச்சில் டெக்சஸில் இருந்து ஒரு ஓட்டக்காரனைப் பிடித்து வந்தார்கள். சொந்தச் சமையல்காரனோடு வந்தான். பத்து மாதத்தில் நாலு தடவை எல்லைக்கோட்டைத் தொட்டான். அதற்கு முந்தைய வருடம், பதினோரு சீசன் நின்று தடுத்த ஒருவனை ஒரு போன் காலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். முப்பது வயதுக்கு மேல் தடுப்பாளனுக்குத் தேய்மானமாம். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பையன் சொன்னான், முதலாளி தலையாட்டினார். ஓடுகிறவனுக்கு மாலை, தாங்குகிறவனுக்கு வாசல். மார்ச் மாதம் என்றாலே எங்களுக்கு இதுதான். ஒப்பந்தம் முடிந்தவர்கள் யாரோடு வேண்டுமானாலும் போகலாம். நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு செல்போனைப் பார்க்க வேண்டும். அவன் சட்டையைக் காசு கொடுத்து வாங்கி மாட்டியவனிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள்.

கோல்பியை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய நவம்பர் நினைவிருக்கிறதா? ஏரியில் இருந்து ஒரே நாளில் ஐந்தடி பனி வந்து கொட்டியது. ஞாயிறு மேட்ச். ஆட்டக்காரர்கள் வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை. இந்த ஊரில் அப்படி ஆனால் ரசிகர்கள் போய்த் தோண்டி எடுப்போம். யாரும் கூலி வாங்கமாட்டோம். கோல்பியின் வீடு எனக்கு வாய்த்தது. தோண்டி எடுத்து, என் பிக்கப்பிலேயே ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுபோனேன். நாலு மணி நேரப் பயணம். வழியெல்லாம் அவனுடைய இடது பக்கத் தடுப்பில் என்ன கோளாறு என்று விளக்கினேன். இறங்கும்போது சொன்னான்: "நன்றி, கோச். இந்த ஊர்லயே எனக்கு ஒழுங்கா ஒருத்தர் சொல்லிக் குடுத்தது நீங்கதான்."

அன்றிலிருந்து அவனுக்கு நான் கோச். எனக்கு அவன் அறுபத்தொன்று. அவன் வாசலுக்கு நான் பில் போட்டதே இல்லை.

இந்தத் திங்கட்கிழமைக்கு வருவோம். லீக்கில் ஒரு வேடிக்கையான விதி உண்டு. அடுத்த அணி ஆளின் மனதைக் கலைப்பது குற்றம். ஆனால் மார்ச்சில் இரண்டு நாள், திங்கள் மத்தியானம் பன்னிரண்டில் இருந்து புதன் சாயங்காலம் நாலு மணி வரை, கலைக்கலாம். அனுமதிக்கப்பட்ட கலைப்பு என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். பேசலாம், ஆசை காட்டலாம், சரி என்று சொல்ல வைக்கலாம். கையெழுத்து மட்டும் புதன் நாலு மணிக்குத்தான். நான் செய்ததும் அந்த இரண்டு நாளுக்குள்தான். விதியை மீறியதாக என்னை யாரும் சொல்ல முடியாது.

திங்கள் மத்தியானம் போலிஷ் கிளப் பாரில் இருந்தேன். என் நண்பன் ஸ்டோஷ் போனைத் தூக்கிக் காட்டினான்.

"டேய் லென், உன் செல்லப்பிள்ளை பொட்டியக் கட்டிட்டான்டா."

"யாரு?"

"அறுபத்தொண்ணு. அரிசோனா. மூணு வருஷம்."

பார் கவுண்டரில் இருந்த டாட்டி சொன்னாள்: "போகட்டும் விடு. அங்க வெயிலாவது அடிக்கும். எனக்கு யாராவது மூணு வருஷம் குடுத்தா ஏப்ரனை இங்கயே கழட்டிப் போட்டுட்டுக் கிளம்பிடுவேன்."

"உன்ன யாரு எடுப்பா? ரெண்டு முட்டியும் போச்சு. மெடிக்கல்லயே ஃபெயிலாயிடுவ" என்றான் ஸ்டோஷ்.

"உன் பீரைக் கிளாஸ்ல ஊத்தட்டுமா, தலையில ஊத்தட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஸ்டோஷ் சும்மா இருக்கமாட்டான். "உனக்கென்னடா, ரஸ்ஸலும் அங்கதானே இருக்கான். இனிமே உன் மகன் வாராவாரம் அறுபத்தொண்ணைப் பாத்துட்டு உனக்குக் கதை சொல்லுவான். போன் பண்ணான்னா."

ரஸ்ஸல் என் மகன். ஜனவரியில் ஃபீனிக்ஸுக்குப் போனான். ஏசி ரிப்பேர் வேலை. அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தம் இல்லை.

ஆனால் ஸ்டோஷ் டாட்டியிடம் சொன்னது மனதில் நின்றுவிட்டது. கையெழுத்துக்கு முன்னால் புது அணியின் டாக்டர் ஆளைச் சோதிப்பார். முட்டி சரியில்லை என்றால் பேச்சு முறிந்தது. நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படித் திரும்பியவனைப் பழைய அணி ஒரு வருடத்துக்குக் கூப்பிட்டுக்கொள்ளும். அவனும் வாயை மூடிக்கொண்டு வருவான். கோல்பிக்கு முப்பத்தொரு வயது. முட்டியில் ஒரு ஜவ்வு கிழிந்தால் ஒன்பது மாதம். இந்த சீசன் போகும். அடுத்த சீசன் எங்களோடு ஆடுவான். அதன் பிறகு எந்த அரிசோனாவும் கூப்பிடாது. ஈரியில் தொடங்கியவன் ஈரியிலேயே முடிப்பான். மடிக்கணினிப் பையனைவிட நன்றாகவே கணக்குப் போட்டேன்.

செவ்வாய் காலை ஆறரைக்கு அவன் வாசலில் இருந்தேன். மூன்று அங்குலம் பனி. வழக்கம்போலத் தள்ளினேன். வழக்கமாகப் போடும் உப்பை மட்டும் போடவில்லை. என்னிடம் இரண்டு ஃபிளாஸ்க் உண்டு. ஒன்றில் காபி, இன்னொன்றில் சுடுதண்ணீர். தண்ணீரைக் கீழ்ப்படிகள் மூன்றிலும் நிதானமாக ஊற்றினேன். அந்தக் குளிரில் கால் மணி நேரத்தில் கண்ணாடி போல ஆகிவிடும். பிறகு எதிர்ப்பக்கம் வண்டியில் உட்கார்ந்து காபி குடித்தேன்.

ஏழு மணிக்குக் கதவு திறந்தது. கோல்பி தோளில் பெரிய பையோடு வந்தான். விமானத்துக்கு என்று நினைத்தேன். இரண்டாவது படியில் கால் வழுக்கிற்று. அந்த உடம்பு விழுந்த சத்தம் வண்டிக்குள் கேட்டது.

பிறகு எழுந்துவிட்டான்.

நான் யோசிக்காமல் விட்டது அதைத்தான், மேடம். கீழே விழுவதுதான் அவன் தொழில். ஏழு வருடமாக ஒரு ஞாயிற்றுக்கு அறுபது தடவை விழுகிறவன். முட்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு சிரித்தான். நான் இறங்கிப் போனேன்.

"என்ன கோச், இன்னைக்கு உப்பை மறந்துட்டீங்களா? நான் கண்டபடி தின்னதெல்லாம் இன்னைக்குக் குஷனா உதவிச்சு."

"பையில என்ன?"

"உப்புதான். படி மின்னுதுன்னு ஜென்னா ஜன்னல்லேர்ந்து பாத்துச் சொன்னா. அவரு ஒரு நாள் மறந்தா என்ன, நாமளே போட்டுடலாம்னு பேஸ்மென்ட்லேர்ந்து தூக்கிட்டு வந்தேன். இல்லன்னா இன்னைக்கு பேப்பர் போடற பொண்ணு விழுந்திருக்கும்."

ஜென்னா அவன் மனைவி. பை கிழிந்து கராஜ் சுவர் வரைக்கும் உப்பு சிதறியிருந்தது. உங்கள் புகைப்படத்தில் இருக்கும் உப்பு அவனுடையது.

"அரிசோனாவுக்கு எப்போ?" என்று கேட்டேன்.

"அதுவா." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஏஜென்ட் முந்திக்கிட்டு சரின்னு சொல்லிட்டாரு. நேத்து சாயங்காலம் நானும் ஜென்னாவும் உக்காந்து பேசினோம். வேண்டாம்னு சொல்லிட்டேன். நாளைக்கு நாலு மணிக்கு ஆங்கர்ஸ்லதான் கையெழுத்து. வெள்ளிக்கிழமை உங்க கிளப் மீன் விருந்துக்கு வந்து நானே சொல்லலாம்னு இருந்தேன். ஸ்டோஷ்கிட்ட உளறிடாதீங்க."

"நிஜமாவா?"

"நான் எங்க போகப் போறேன், கோச்?"

நீங்களாக இருந்தால் அந்த இடத்தில் சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போயிருப்பீர்கள். நான் மணியைப் பார்த்தேன். செவ்வாய் காலை ஏழு. புதன் நாலு மணிக்கு இன்னும் முப்பத்துமூன்று மணி நேரம். முப்பத்துமூன்று மணி நேரத்தில் ஒரு மனிதன் எத்தனை தடவை மனதை மாற்றலாம் என்று எனக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸ் அன்று என் வீட்டுப் படியில் நின்று ரஸ்ஸலும் இதையேதான் சொன்னான். "நான் எங்க போகப் போறேன்பா?" என் தோளில் கை வைத்துச் சொன்னான். பதினாறாவது நாள் அவன் அறை காலி.

கோல்பியும் என் தோளில் கை வைத்திருந்தான்.

வண்டியில் ஏறினேன். மிச்சம் இருப்பதைத் தள்ளிவிடுகிறேன் என்று சொன்னேன். அவன் எனக்கு முதுகைக் காட்டி, கராஜ் சுவரோரம் குனிந்து, சிதறிய உப்பை இரண்டு கையாலும் அள்ளினான். பந்தைக் கொடுக்கும்போது நிற்பானே, அதே நிலை. ஜன்னலில் இருந்து ஜென்னா பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். நான் முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போனேன் என்று. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நடுவில் பின்னால் வந்தது தகட்டின் உயரத்தைச் சரிசெய்ய. வண்டியின் முன்னால் இருக்கும் பனித்தகடு எட்டடி அகல இரும்பு. தரையில் இருந்து ஒன்றரை அடிக்குத் தூக்கி வைத்தேன். முட்டி உயரம். மேலே போனால் இடுப்பு போகும்.

அவன் எழுந்து நிற்கும்வரை காத்திருந்தேன். குனிந்தபடி இருந்திருந்தால் தலையில் பட்டிருக்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள். பந்து கொடுக்கும் வலது கைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதையும்.

பிரேக் தடம் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. பிரேக்கை நான் சுவரைத் தொட்ட பிறகுதான் மிதித்தேன்.

அவன் கத்தவில்லை. "கோச்" என்று மட்டும் சொன்னான். நான் உடனே பின்வாங்கி இறங்கி, என் கழுத்தில் இருந்த ஆங்கர்ஸ் துண்டை உருவி அவன் தொடையில் இறுக்கிக் கட்டினேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான். அந்தக் கட்டு இல்லையென்றால் பத்து நிமிடம் தாங்கியிருக்கமாட்டான் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள். வலது காலை முட்டிக்கு மேலே எடுக்க வேண்டி வந்ததற்கு நான் வருத்தப்படுகிறேன். நான் கணக்குப் போட்டது ஒரு ஜவ்வுக்குத்தான். எந்த அணி மார்ச்சில் போட்ட கணக்கும் செப்டம்பரில் அப்படியே வந்ததில்லை.

ஆனால் நேற்று நாலு மணிக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். லாக்கப் காவலர் செல்போனில் காட்டினார். காலில்லாதவன் என்று தெரிந்தும் ஆங்கர்ஸ் அவனுக்கு ஒரு வருட ஒப்பந்தம் கொடுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கையெழுத்து. காயப்பட்டோர் பட்டியலில் முதல் பெயர், அறுபத்தொன்று, டெவ்ரீஸ். ஊரே அழுததாம். போனவர்கள் பட்டியலில் அவன் பெயர் இல்லை. நான் கேட்டது அவ்வளவுதான். இன்னொரு தடவை அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தால் தகட்டை நாலு அங்குலம் கீழே வைப்பேன். வேறெதையும் மாற்றமாட்டேன்.

ஈரியை விட்டு எல்லோரும் போகிறார்கள், மேடம். ஆலை போயிற்று, பிள்ளைகள் போகிறார்கள், சென்டரும் போவான். யாராவது ஒருவன் ஒருவனையாவது நிறுத்திக் காட்ட வேண்டாமா?

இன்னும் என்ன? கையெழுத்து எங்கே போட வேண்டும்?

சரி. என் மகனா? ரஸ்ஸலா? செய்தி பார்த்துவிட்டு விமானம் ஏறிவிட்டானா? நாளைக்குக் காலையில் ஈரியில் இருப்பானா?

பார்த்தீர்களா.

ஒரே ஒரு விஷயம் கேட்டுச் சொல்லுங்கள், மேடம். திரும்பிப் போகவும் டிக்கெட் எடுத்திருக்கிறானா?