முதலாவது அவர் முறை

ஓடுகிறோம். மாரி மழை. பாண்டிருப்பிலிருந்து மருதமுனைக்கு. பின்னால் ஷெல். முதலில் ஒரு விசில். பிறகு நிலம் குலுங்குகிறது. ஆறு வயது மகள் கிருபா என் இடுப்பில். என் கணவர் தேவராசா முன்னால். எண்பத்தேழாம் ஆண்டு. வெள்ளிக்கிழமை. ஜும்மா பாங்கு இன்னும் கேட்கவில்லை.

"தங்கச்சி! இஞ்சால வாங்க! தறிக்குழிக்குள்ள இறங்குங்க!"

றஹீமா ராத்தாவின் குரல். நெசவுக்காரி. என் சிநேகிதி. அவளுடைய கொட்டிலில் தறிக்குக் கீழே ஒரு குழி. நெய்பவர் காலைத் தொங்கவிடும் குழி. அதில் நானும் மகளும் மட்டும் அடங்கினோம். ராத்தா தறிக்கு அடியில் ஒட்டிக் கிடந்தாள். தேவராசா வாசலில் குப்புறப் படுத்தார்.

எனக்கு ஜெபம் வரவில்லை. 'காப்பாத்து, காப்பாத்து' என்றுதான் வந்தது. எங்கள் வீட்டில் அப்படி எடுத்தவுடன் கேட்கக் கூடாது. முதலில் ஸ்தோத்திரம், நன்றி சொல்வது. பிறகுதான் கேட்பது. அது என் கணவர் வைத்த சட்டம். சாப்பாட்டுக்கு முன் முதலாவது அவர் முறை. அடுத்தது நான். கடைசியில் மகள். மனிதர் லேசில் முடிக்க மாட்டார். மழைக்குச் சொல்வார். சைக்கிள் பிரேக்குக்குச் சொல்வார். பக்கத்து வீட்டு ஆடு ஈன்றதற்கும் சொல்வார். எனக்கு எரிச்சல் வரும்.

"சொதிக்கும் ஒரு ஸ்தோத்திரமா? கெதியா முடிங்க, சோறு ஆறுது."

"ஆறின சோத்துக்கும் ஸ்தோத்திரம்" என்று சிரிப்பார்.

குழிக்குள் மகள் கண்ணை மூடுகிறாள். "ராத்தாட குழிக்கு ஸ்தோத்திரம், ஆண்டவரே." வாசலில் இருந்து அவர் "ஆமென்" என்கிறார்.

விசில். முற்றத்தில் விழுந்தது. ராத்தாவின் கணவர் ஹனீபா காக்கா கிணற்றடியில் கிடந்து கத்தினார். தேவராசா எழும்பினார்.

"போகாதீங்க! ஐயோ, போகாதீங்க!"

போனார். காக்காவைத் தோளில் தூக்கியதைக் கண்டேன். மறுபடி விசில். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. காது அடைத்துவிட்டது. ராத்தாவின் வாய் அசைகிறது. "இன்னாலில்லாஹி" என்கிறாள் என்று வாயசைவில் தெரிகிறது; மரணத்துக்கு அவர்கள் சொல்வது. தறியில் சுற்றியிருந்த சாரத் துணியை அறுத்து எடுக்கிறாள். இருவரையும் அந்த ஒரே துணியால் மூடினாள்.

பொழுதுபடப் பக்கத்து வீட்டார் ரொட்டி கொண்டு வந்தார்கள். எனக்கு ஒரு காது மெல்லத் திறந்திருந்தது. மகள் கண்ணை மூடினாள். சாப்பிடவில்லை.

"அப்பாட முறை, அம்மா. பொறுங்க."

பொறுத்தோம்.

"இப்ப உங்கட முறை."

ஸ்தோத்திரமாம்! எதற்கு? ஆண்டவர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். ரொட்டியைத் தூக்கி எறியப் போனேன். பிள்ளை கண்ணைத் திறக்கவே இல்லை. அவளுக்குப் பசி. ஆனாலும் நான் சொல்லாமல் தின்ன மாட்டாள்.

"எட்டு வருசம் அவரைத் தந்தியே. அதுக்கு ஸ்தோத்திரம்."

அதற்குமேல் அழுகைதான். அதுவரை நான் செய்ததெல்லாம் அவருடைய ஜெபம். நானாகச் செய்தது அதுதான் முதல். நெடுநாள் அந்த ஒன்றையே சொன்னேன். பிறகு மற்றவை வந்தன. வலது காது கேட்பதற்கு. றஹீமா ராத்தாவுக்கு. உப்புக்கு. சில நாள் ஆண்டவரை நன்றாகத் திட்டிவிட்டுத்தான் சொல்வேன்.

இழந்தவை. பாண்டிருப்பில் எங்கள் வீடு. சைக்கிள். என் இடது காது. ராத்தாவின் தறி. ஹனீபா காக்கா. என் தேவராசா. அவருக்கு வயது முப்பத்துநான்கு.

இன்றும் நானும் மகளும் சோற்றுக்கு முன் கண்ணை மூடுகிறோம். முதலாவது அவர் முறை. பொறுத்திருக்கிறோம். சோறு ஆறுகிறது.