அக்கா பம்புக்குச் சாத்துன துணி

…அதத்தான் நானும் கேக்குறேன் தங்கச்சி! எண்ணெய்ன்னா எண்ணெயா இருக்கணும், புகைன்னா புகையா இருக்கணும். ரெண்டுங்கெட்டானா ஒண்ணக் குழாய்ல விட்டுட்டு, இனிமே பம்புக்கு இதுதான் சாப்பாடுன்னா என்ன அர்த்தம்? உக்காருங்க, உக்காருங்க. சாப்ட்டீங்களா? சாப்டாம எப்பிடி பம்பப் பாப்பீங்க? பாங்காக்லேர்ந்து விடிகாலைல வேன் ஏறி வந்திருக்கீங்க, எங்க ஆலைல ஒரே ஒரு பம்புல மட்டும் ஏன் பேரிங்கு பேரிங்கா எரியுதுன்னு கண்டுபிடிக்க. கண்டுபிடிக்க என்ன இருக்கு? இந்த கேன்டீன்ல உக்காந்தே நான் சொல்லிடுவேன். கை! மாட்டுற ஃபிட்டரோட கை. ராசியில்லாத கை. முடிஞ்சுது விஷயம். ஏம்மா நூய், இந்தம்மாவுக்கு ஒரு நூடுல்ஸ் சூப்பு, காரம் கம்மியா!

என்ன, பம்பு எங்க இருக்கா? கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன். மேனேஜர் வீரயுத் சார் எனக்குக் குடுத்த வேலையே அதுதானே. "லொப் மாமா, பாங்காக் இன்ஜினியரம்மா வர்றாங்க, கூடவே இருந்து எல்லாத்தையும் காட்டுங்க"ன்னாரு. காட்டுறதுக்கு முன்னாடி கதை தெரிய வேணாமா உங்களுக்கு? கதை தெரியாம போயி நின்னா பம்பு ஒரு இரும்புக் கட்டைதான்.

முன்னெல்லாம் எப்பிடி இருந்துச்சு தெரியுமா? வேலைக்கு வந்ததும் எண்ணெக் கேனத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு பம்பா போவேன். பேரிங்கு இருக்குற பொட்டில ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். பாதிக்குக் கீழ எறங்கிடுச்சா, ஊத்து. கறுத்துப் போச்சா, மாத்து. கண்ணுக்குத் தெரியும், மனசு நெறையும். புள்ளைக்குச் சோறு ஊட்டுன மாதிரி இருக்கும். அதுல கைய வெச்சாங்க. மூலைல ஒரு பொட்டியக் கொண்டாந்து வெச்சாங்க. அது காத்தையும் எண்ணெயயும் சேத்து அடிச்சு, மெல்லிசு புகையாக்கி, மேல ஓடுற குழாய்ல அனுப்புது. புகை ஒவ்வொரு பம்புக்குள்ளயும் எறங்கி, பேரிங்கு மேல எண்ணெயத் தடவிட்டு, மிச்சம் ஒரு சுண்டுவிரல் தண்டி குழாய் வழியா வெளிய வருது. ஆமா, உங்களுக்குத் தெரியாததா, அதே படிப்புதானே நீங்க படிச்சது. "இனிமே ஒரு சொட்டு ஊத்தக் கூடாது மாமா"ன்னு எங்கையிலேர்ந்து கேனப் பிடுங்கிட்டாங்க தங்கச்சி. வயித்தெரிச்சலா இருக்காதா?

அத விடுங்க. அந்த வெளிய வர்ற புகை இருக்கே, அதப் பாத்தாத்தான் எனக்கு ஆத்தாமையா வரும். நல்ல எண்ணெய், சொந்தக் காசு குடுத்து வாங்குனா தெரியும். அது பாட்டுக்கு நாள் பூரா ஒழுகி ஒழுகி ஆகாசத்துக்குப் போவுது. என் பொண்டாட்டி லம்யாய் ஆலை கேட்டுக்கு வெளியதான் குழம்புக் கடை வெச்சிருக்கா. பொரிச்ச எண்ணெய்ல ஒரு கரண்டி வீணாக்க மாட்டா. பிளாஸ்டிக் பையில குழம்ப ஊத்தி, உப்புற அளவுக்கு காத்தப் பிடிச்சு, ரப்பர் பேண்ட ரெண்டு சுத்து சுத்தி ஒரு இழு இழுப்பா பாருங்க... பஸ்ஸுல அயுத்தயா வரைக்கும் போனாலும் ஒரு சொட்டு வெளிய வராது. எனக்கும் அந்தக் கட்டு வரும். கல்யாணமான புதுசுல அவளுக்கு ஒத்தாசையா கட்டிக் கட்டிப் பழகுனதுதான்.

அட, சூப்புல அந்தக் கீரையத் தள்ளி வைக்காதீங்க, நல்லாருக்கும்.

எங்க விட்டேன்? ஆங், பம்பு. ரெண்டு பம்பு தங்கச்சி, பக்கத்துப் பக்கத்துல. ஒண்ணு அக்கா, ஒண்ணு தங்கை. நான் வெச்ச பேருதான், இப்போ ஆலை முழுக்க அப்பிடித்தான் கூப்புடுறாங்க. அக்காதான் எனக்கு உசுரு. புகைப் பொட்டி வந்த புதுசுல லேசா முனகுனா. பேரிங்கு பழசு, மாத்தியாச்சு. ஆனா மனசு கேக்கல. எங்கப்பா மீன்பிடிக்காரரு. படகு மூக்குல மூணு கலர் துணி கட்டாம கடல்ல எறங்கவே மாட்டாரு. படகுக்குள்ள மேயானாங் அம்மன் குடியிருக்கால்ல? காருக்குள்ளயும் அவதானே, அதான கண்ணாடில மாலை மாட்டுறோம். நீங்க வந்த வேன்லயும் மாலை தொங்கியிருக்குமே? தொங்குச்சா! பாத்தீங்களா! வேனுக்குள்ள இருக்கறவ பம்புக்குள்ள இருக்க மாட்டாளா?

அதனால ஒரு நல்ல நாள் பாத்து, செவப்பு, மஞ்ச, பச்சைன்னு மூணு துணி வாங்கி, பேரிங்குப் பொட்டிய சுத்தி சாத்தினேன். மல்லி மாலை. ஒரு பாட்டில் செவப்பு சோடா, ஸ்ட்ரா போட்டு. என்ன லட்சணமா இருந்தா தெரியுமா! அடுத்த நாள் வந்து பாக்குறேன், துணி பூரா எண்ணெ. எல்லாம் அந்தப் பாழாப்போன புகை பண்ணுன வேலை. சாமி துணிய இப்பிடி அழுக்காக்கலாமா? மொதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணிட்டு, புதுத் துணி சாத்தினேன். என்ன வழியா? இருங்க, வரிசையா சொல்றேன், குறுக்க கேட்டா மறந்துடும்.

அப்புறம்தான் தங்கச்சி வந்துச்சு வினை. சூடு! கைய வெச்சா சுடுது. பேரிங்கு போச்சு. ஃபிட்டர் பய வந்து புதுசா மாட்டினான். நல்லாத்தான் ஓடுச்சு. நான் நல்ல நாள் பாத்துத்தானே துணி சாத்துவேன், அது வரைக்கும் பாவம் அம்மணமா ஓடுவா. ஆச்சரியம் என்னன்னா அது வரைக்கும் குளுகுளுன்னு ஓடுவா! துணியும் மாலையும் போட்டு, கும்பிட்டு, நான் அந்தப் பக்கம் திரும்புறேன்... கொஞ்ச நாள்ல மறுபடி சூடு. மறுபடி பேரிங்கு. அவளுக்கு என்னமோ கொறைன்னு நெனச்சு இன்னொரு சுத்துத் துணி. மறுபடி எரிஞ்சுது. இன்னும் ஒரு சுத்து. இப்போ கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கிறா, வந்து பாருங்க.

இதுல அநியாயம் என்னன்னா அந்தத் தங்கை பம்பு இருக்கா பாருங்க, அவளுக்கு நான் ஒரு முழம் ரிப்பன் கூட வாங்கிக் குடுத்ததில்ல. ஒரு பூ இல்ல, ஒரு சோடா இல்ல. அவளுக்கு ஒரு தலைவலி இல்ல, காய்ச்சல் இல்ல! ஜம்முனு ஓடுறா. பாத்துப் பாத்து செய்யுற எடத்துலதான் தங்கச்சி நோவு வருது. என்ன, சிரிக்கிறீங்க? ...எந்திரிச்சிட்டீங்களே, சூப்பு பாதி இருக்கே! சரி சரி, நடங்க. ஹெல்மெட்ட மாட்டுங்க. இந்தப் பக்கம், கடல் காத்து அடிக்குற பக்கம்.

அந்த ஃபிட்டர் பேரு கோமின். கான்ட்ராக்ட்காரன் ஆளு. பாக்க சாதுதான், கும்பிடுறப்ப தலை தரையத் தொடும். துணிய அவனா தொட மாட்டான். பேரிங்கு மாத்தணும்னா என்னைத்தான் கூப்புடுவான், "மாமா, நீங்க எடுத்துக் குடுங்க"ன்னு கைகட்டி நிப்பான். நானே எல்லாத்தையும் அவுத்து, உசரமா ஒரு எடத்துல வெப்பேன். அவன் வேலைய முடிச்சு, ஓட்டிக் காட்டிட்டுப் போயிடுவான். அப்புறம் நானே கட்டுவேன். என் கட்ட வேற எவனும் தொட்டதில்ல. ஆப்பரேட்டரு, சூப்பர்வைசரு, வீரயுத் சாரு உட்பட எவனும் இல்ல. சாமி துணில்ல? அதோட நான் இங்க எல்லாருக்கும் மூத்தவன்ல? கிட்ட வந்து பாப்பாங்க, என்னமோ சொல்ல வாயெடுப்பாங்க, என் மூஞ்சியப் பாத்துட்டு "அழகா இருக்கு மாமா"ன்னுட்டுப் போயிடுவாங்க. அந்த மரியாதை இன்னும் இருக்கு தங்கச்சி இந்த ஆலைல.

ஆனா மரியாதை மட்டும் இருந்தா போதுமா? கையில வேலை வேணாமா? இந்தக் கோமின் பயலுக்கும் எம் பொண்ணு பிம்முக்கும்... ஐயோ அதை ஏன் கேக்குறீங்க! லம்யாய் கடையில குழம்பு வாங்க வந்து வந்து, குழம்போட நிக்காம... சரி, புள்ளைங்க ஆசப்பட்டுச்சு, அவன் அத்தைங்களக் கூட்டிட்டு மொறையா பொண்ணு கேட்டும் வந்தான். நானும் சரின்னேன். அன்னிக்குப் பாத்து பேரிங்கு எரிஞ்சுது! போவட்டும்னு பாத்தேன். மறுபடி எரிஞ்சுது. மறுபடியும். அப்பத்தான் முடிவு பண்ணுனேன். ஒரு பேரிங்க ஒழுங்கா உக்கார வெக்கத் தெரியாதவன் எம் பொண்ண எங்க உக்கார வெப்பான்? கல்யாணத்த நிறுத்திட்டேன். அவன மாப்ளைன்னு ஒரு தடவை கூட நான் கூப்புட்டதில்ல, இனிமே கூப்புடப் போறதும் இல்ல. நாக்க அறுத்தாலும் வராது.

வீட்டுல இப்போ எனக்குப் பேச்சுத் தொணைக்கு ஆளில்ல. பிம் தட்டக் கொண்டாந்து வெப்பா, திரும்பிப் பாக்காம உள்ள போயிடுவா. லம்யாய், கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும் பேசுறா, என்கிட்ட மட்டும் இல்ல. ராத்திரி அந்தப் புள்ள அழுவுற சத்தம் செவுத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும். கல்லு மனசா எனக்கு? கேக்கத்தான் செய்யுது. ஆனா ஒரு அப்பன் நல்லது கெட்டது பாக்க வேணாமா?

இன்னிக்கு சாயங்காலத்தோட எல்லாம் முடிஞ்சுடும். நீங்க ஒரு வார்த்தை, "மாட்டுனவன் சரியில்ல"ன்னு வீரயுத் சார்கிட்ட சொல்லிட்டா போதும். அவன் கேட் பாஸ வாங்கிட்டு அனுப்பிடுவாங்க. அப்புறம் இந்த ராயோங் பக்கத்து ஆலை எதுலயும் அவனச் சேக்க மாட்டாங்க. எங்கயாச்சும் வடக்க ஊருக்குப் போயிடுவான். பிம்மும் நாலு நாள் அழுதுட்டு மறந்துடும். மறந்துடும்ல?

இதோ வந்துட்டோம். காதுல அத மாட்டிக்கங்க, இரைச்சல்! நான் கத்திப் பேசுறேன். இவதான் அக்கா! எப்பிடி இருக்கா? முந்தாநாள்தான் கோமின் புதுப் பேரிங்கு மாட்டுனான். நேத்து நல்ல நாள், நேத்துதான் சாத்துனேன். கைய வெச்சுப் பாருங்க. சுடுதா? சுடுதில்ல? நான் சொன்னேன்ல, அவன் கை...

என்ன தேடுறீங்க? புகை வெளிய வர்ற குழாயா? அது துணிக்குள்ள இருக்கு. ஆமா, உள்ளதான். அதான் வழி பண்ணுனேன்னு சொன்னேனே, மறந்துட்டீங்களா? துணி அழுக்காவக் கூடாது, எண்ணெயும் வீணாப் போவக் கூடாது, ரெண்டுக்கும் சேத்து ஒரே ஏற்பாடு. ஏ ஏ ஏ, அவுக்காதீங்க! தங்கச்சி! கும்பிட்டுட்டாவது... சரி, கும்பிட்டுட்டுத்தான் அவுக்குறீங்க. மெதுவா. மேல வைங்க, மேல, தரையில படக் கூடாது.

பாத்தீங்களா? லம்யாய் கடைப் பைதான். குழாய் வாயில மாட்டி, ரப்பர் பேண்டு ரெண்டு சுத்து. எப்பிடி உப்பி நிக்குது பாருங்க! ஒரு மூச்சு வெளிய போவாது. ஒவ்வொரு தடவையும் நானே எங்கையால கட்டுனது, வேற எவனுக்கும் இந்தக் கட்டு வராது...

எதுக்கு எடுத்தீங்க? இப்போ பாருங்க, புகை வருது, எல்லாம் வீணாப்... என்ன? கேக்கல, சத்தமா சொல்லுங்க. தங்கை பம்பப் பாக்கணுமா? பாக்குறேன். அவ குழாய்லயும் புகை வருது. தெறந்துதான் கெடக்கு. எப்பவும் தெறந்துதான் கெடக்கு, ஆமா. அதுக்கு என்ன இப்போ?

எறங்கறவங்க எறங்குனாத்தான் ஏறுறவங்க ஏற முடியுமா? அது பஸ்ஸுக்கு தங்கச்சி, பம்புக்கு எப்பிடி... வெளிய போனாத்தான்... உள்ள வருமா?

வெளிய போவலன்னா உள்ளயே வராதா? அப்போ அவ இத்தன நாளா...

பட்டினியாவா?

நல்லா ஓடுச்சு. துணி இல்லாதப்பல்லாம் நல்லா ஓடுச்சு. ஐயோ. நான்தானே சொன்னேன், இப்போ வர்றப்ப, என் வாயாலயே சொன்னேனே. அதான் கேன்டீன்ல சிரிச்சீங்களா? அப்பவே தெரிஞ்சுடுச்சா உங்களுக்கு? ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருக்கக் கூடாதா என்னை? ஆமா... நான் எங்க விட்டேன் பேச.

தங்கச்சி. அந்தப் பைய என்கிட்ட குடுங்க. குப்பைலதான், வேற எதுக்கு. குடுக்க மாட்டீங்களா? ரப்பர் பேண்டையாவது... அதோ கேட்டுப் பக்கம் பாருங்க. கருவிப் பையத் தோள்ல மாட்டிக்கிட்டு, தலையத் தொங்கப்போட்டுக்கிட்டுப் போறானே, அவன்தான் கோமின். சாயங்காலம் வரைக்கும் கூட இருக்க மனசில்லாம அவனே பாஸக் குடுக்கப் போறான் போல. மானஸ்தன்... ஏங்க, எங்க போறீங்க? அவன்கிட்டயா? பையோடயா? இருங்க தங்கச்சி, நான் சொல்றேன், நானே பக்குவமா சொல்லிக்கிறேன்... போயிட்டாங்களே! என்ன வேகமா நடக்குது இந்தம்மா!

கோமின்! ஓய், கோமின்! அந்தம்மா சொல்றத அப்புறம் கேக்கலாம், மொதல்ல நான் சொல்றதக் கேளு! பாஸக் குடுக்காத! கைய எடு பாஸ்லேர்ந்து! காதுல விழல... இந்த இரைச்சல்ல எப்பிடி விழும்... மாப்ளே! மாப்ளேய்! அட, உன்னத்தான்டா, திரும்பிப் பாரு மாப்ளே! சாப்ட்டியா? வீட்டுக்கு வா, பிம்மு சமைக்கும், அத்தைங்களயும் கூட்டிட்டு வா! புளிப்பு மீன் குழம்பு வைக்கச் சொல்றேன்! பையில கட்டி இல்லடா... தட்டுலயே போடச் சொல்றேன்!