நாற்பது சென்டிமீட்டர்

பதினோரு வருடமாகக் கடற்பனியை ஆராய்கிறேன். ஒருநாள்கூட அதன்மேல் கால் வைத்ததில்லை. எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. ஜன்னலை மூடியதற்கு நன்றி.

விசாரணையின் முதல் கேள்வியாக என் தொழில் என்ன என்று கேட்டீர்கள். உறைந்த கடலில் பனி எவ்வளவு தடிமன் என்று கணினி ஒரு ஊகம் சொல்லும். களத்தில் நிற்பவர்கள் துளை போட்டு ஓர் அளவு சொல்வார்கள். இரண்டும் ஒத்துப்போகாது. யாரை எவ்வளவு நம்புவது என்று முடிவு செய்து, இரண்டையும் கலந்து தினமும் காலையில் ஒரு வரைபடம் வெளியிடுவேன். அதைப் பார்த்துத்தான் பனிமேல் வண்டி ஓட்டுவார்கள்.

வேலை ஒருவருட ஒப்பந்தம். அது முடிவதற்குள் அடுத்ததைத் தேட வேண்டும். பதினோரு வருடத்தில் ஆறு வீடு மாறினோம். போன முறை வீடு மாறியபோது என் மனைவி பாத்திரங்களைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. "எதுக்கு, மறுபடி கட்டணுமே" என்றாள். சண்டைக்குச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள்.

நிரந்தர ஆராய்ச்சிப் பணியிடம் ஒன்று வருகிறது என்று எனக்கு முதலில் சொன்னவள் துளைக்காரிதான். ஆய்வகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். துளைப்பானைத் தோளில் போட்டுக்கொண்டு வருடத்தில் நான்கு மாதம் பனியில் கிடப்பவள். என் விண்ணப்பத்தை வரிவரியாகப் படித்துப் பிழை திருத்தியவளும் அவளே. அவள் அந்த வேலைக்குப் போட்டியிடவில்லை. பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அப்படி எதுவும் இல்லை.

நேர்காணல் வெள்ளிக்கிழமை காலை. திங்கட்கிழமை பனிமேல் இருந்த கள முகாமிலிருந்து அவளுடைய அளவுகள் வந்தன. என் கணிப்பு நூற்றிருபது சென்டிமீட்டர். அவள் அனுப்பியது நாற்பது. அதைச் சேர்த்தால் ஒரே இரவில் வரைபடம் தலைகீழாக மாறிவிடும். அடியில் வெதுவெதுப்பான நீர் வந்து பனியைக் கரைத்தால் என் கணிப்பு முறை தப்பாமல் கண்டுபிடித்துவிடும் என்று விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன். தேர்வுக்குழு அந்த வாரம் முழுக்க என் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளுடைய அளவுகளுக்கு எதிரே 'கருவிப் பிழை' என்று குறித்தேன். அப்படிக் குறித்தால் அவை வரைபடத்தில் சேராது. நாலே நாள். வெள்ளிக்கிழமை மதியம் எடுத்துவிடுவதாக இருந்தேன்.

புதன்கிழமை அவள் செயற்கைக்கோள் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணா, எனக்கு நாப்பதுதான் வருது. மேப்புல ஒரு மீட்டருக்கு மேல இருக்கே. நான் ஏதாவது தப்பா அளக்கறேனா?"

"பழைய விரிசல் மேல துளை விழுந்திருக்கும்மா" என்றேன்.

"ஒன்பது துளைண்ணா."

"ஒன்பதும் ஒரே விரிசல்ல விழுந்திருக்கலாம்."

"சரிண்ணா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை பதட்டப்படாம பேசுங்க."

ஒரு மீட்டருக்குக் குறைந்தால் வண்டியை எடுக்கக் கூடாது என்பது முகாமின் விதி. வியாழக்கிழமை காலை என் வரைபடம் நூற்றிருபது காட்டியது. வண்டியை எடுத்தார்கள். ஓட்டுநர் ஒருவர், அவள் ஒருத்தி. பாதி வழியில் பனி உடைந்து வண்டி கடலுக்குள் போனது. பின்னால் நடந்து வந்தவர்கள் கயிற்றோடு ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பனித்துண்டுகள் மறுபடி ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டனவாம்.

நேர்காணலைத் தள்ளிவைக்கவில்லை. ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம் அனுசரித்துவிட்டுத் தொடங்கினார்கள். கள அளவுகள் பிழையாக வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு பேராசிரியர் கேட்டார். முந்தின நாள் விபத்தையே உதாரணமாகச் சொல்லிப் பொறுமையாக விளக்கினேன். நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். மறுவாரம் வேலைக்கான ஆணை வந்தது. மனைவி பாத்திரங்களை எடுத்து அலமாரியில் அடுக்கினாள்.

துளைக்காரியின் மேசையைக் காலி செய்ய அவள் கணவர் வந்தார். எலெக்ட்ரீஷியன், எதையும் இரண்டு தடவை சரிபார்த்துப் பழகியவர். இழுப்பறையை மூடிவிட்டு, "அவ கவனமானவ சார். அளக்கறதுல தப்பு பண்ணியிருப்பாளா?" என்று கேட்டார். களைப்பில் யாருக்கும் நேரும் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். பெட்டியை லிஃப்ட் வரைக்கும் நானே தூக்கிக்கொண்டு போனேன்.

கருவிப் பிழை என்று உண்மையிலேயே நினைத்தீர்களா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். உங்களுக்கும் அலுப்பாக இருக்கும். சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை அவள் போனை வைத்ததும் அவளுடைய ஒன்பது அளவுகளையும் சேர்த்துத் கணினியில் தனியாக ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தேன். வியாழக்கிழமைக்கு முப்பத்தெட்டு சென்டிமீட்டர் என்று வந்தது. பார்த்தேன், அழித்தேன், பழைய வரைபடத்தையே மறுநாளைக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வண்டியில் ஏறும் முன் அவள் தன் அளவை நம்பியிருக்க வேண்டும். நான்கூட நம்பினேனே.