போர்டில் ஈரம் படியக் கூடாது

உங்கள் மேஜைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டரில் விசிறி முழுக்கத் தூசு, சார். நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து அது முக்கி முனகிக்கொண்டிருக்கிறது. ஒரு பழைய பெயின்ட் பிரஷ் கொடுத்தால் இப்போதே துடைத்துத் தருவேன். வேண்டாமென்றால் விடுங்கள்.

நான் ஜாக்கிரதையான ஆள். என்னைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். பிராசசரை, கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. இதில் இறங்குகிறவர்கள் பாதிப் பேர் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வோல்ட்டை ஏற்றிவிட்டு, எல்லாம் கருகிய பிறகு தலையில் கை வைத்துக்கொள்வார்கள். நான் அப்படியில்லை. என்னிடம் இருக்கும் ரகத்துக்கு, தினசரி உபயோகமென்றால் ஒன்று புள்ளி மூன்று வோல்ட். கூலர் நன்றாக இருந்தால் இன்னும் ஒரு பொட்டு. ஒன்று புள்ளி நான்கைத் தாண்டினால் உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டு வரும். அன்றைக்குத் தெரியாது, சில மாதம் கழித்துக் காரணமே இல்லாமல் படுத்துவிடும். முழு வேலை கொடுத்தாலும் சூடு எண்பது டிகிரிக்குள் நிற்க வேண்டும். நூறை நெருங்கினால் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் தானாக அணைந்துவிடும். தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்த பொருள் அது.

என் மனைவி அதற்குச் 'சின்ன வீடு' என்று பேர் வைத்திருந்தாள். ரொட்டி ஆலையில் அவளுக்கு இரவு ஷிஃப்ட். காலையில் வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பாள்.

"என்னங்க, சின்ன வீட்டுக்கு இன்னைக்கு ஜுரம் எவ்வளவு?"

"எழுபத்திரண்டு."

"ஐயோ பாவம். எனக்கு ஜுரம் வந்தப்ப ஒரு நாளாவது இப்படி அளந்து பார்த்தீங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்பாள். நானும் சிரிப்பேன். எங்களுக்குள் சண்டை கிண்டை எதுவும் கிடையாது. அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பீர்களே. அவளை எனக்குப் பிடிக்கும், சார்.

நான் பிரிண்டர் பழுது பார்க்கிறவன். என்னை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, பிரிண்டரைத்தான் பார்ப்பார்கள். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கென்று இணையத்தில் ஒரு போட்டி உண்டு. குறிப்பிட்ட வேகத்தில் ஒரு பெரிய கணக்கைக் கொடுத்து, அது முடியும்வரை பிராசசர் தடுமாறாமல் ஓட வேண்டும். நடுவில் ஒரே ஒரு பிழை வந்தாலும் போச்சு, நாமே நிறுத்தினாலும் போச்சு. அதில் ஒரு தடவை முதலாவதாக வந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெறி என்று சொல்லாதீர்கள். ஆசைதான்.

அந்த வேகத்துக்கு விசிறி உதவாது. டிரை ஐஸ் வேண்டும், அதாவது உறைய வைத்த கரியமில வாயு; உருகித் தண்ணீராகாது, அப்படியே வாயுவாகப் போய்விடும். பிராசசரின் தலைமேல் ஒரு செம்புக் குவளையைப் பொருத்தி, அதில் டிரை ஐஸ் துண்டுகளைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே எழுபது டிகிரிவரை இறங்கும். அந்தக் குளிரில் ஒன்று புள்ளி ஆறு வோல்ட்டைக்கூட அது தாங்கிக்கொள்ளும். என் மனைவியின் தம்பி ஐஸ்கிரீம் கிடங்கில் வேலை பார்க்கிறான். அவன்தான் தெர்மாகோல் பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தான்.

இதில் ஒரே தொல்லை ஈரம். வெளிக்காற்று உள்ளே வந்தால், பிராசசர் பொருத்தியிருக்கும் போர்டு அந்தக் குளிரில் வேர்த்துவிடும். ஒரு துளி போதும், மொத்தமும் குளோஸ். அதனால் படுக்கையறை ஜன்னலைச் சாத்திவிட்டுக் கதவிடுக்கில் துணியைச் செருகினேன்.

நாங்கள் இருப்பது மேல்மாடி. மத்தியானத்தில் கூரை தகிக்கும். கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த அவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள்.

"அங்க வெந்து சாகுறேன். உங்க சின்ன வீட்டுக்குக் குடுக்கிற குளுமையில எனக்கும் கொஞ்சம் குடுங்களேன்."

அவளை உள்ளே விட்டு, துணியை மறுபடி செருகினேன். கட்டில் நிறைய என் பெட்டிகளும் ஒயர்களும் கிடந்தன. அதனால் என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே தரையில் பாயை விரித்துப் படுத்தாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாள்.

"தலை கனக்குதுங்க. மூச்சு வேற என்னமோ மாதிரி இருக்கு. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுறேன்."

திறந்துவிட்டு மறுபடி படுத்தாள். நான் போர்டைப் பார்த்தேன். ஓரத்தில் வேர்க்க ஆரம்பித்திருந்தது. அவள் கண்ணயரும்வரை காத்திருந்தேன். பிறகு சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன்.

அதற்கப்புறம் எனக்கும் தலை வலித்தது. ஐஸ் எடுக்க எழுந்து நின்றபோது வலி குறைந்தது. உட்கார்ந்தேன், கூடியது. மறுபடி நின்றேன், குறைந்தது. பெட்டியைக் கொடுக்கும்போது மச்சான் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. "மாமா, மூடின ரூம்ல மட்டும் வெச்சிராதீங்க. அந்த வாயு கீழ எறங்கித் தேங்கும். கிடங்குலயே நாங்க கதவைத் திறந்து போட்டுட்டுத்தான் உள்ள போவோம்." நான் தலையாட்டியிருந்தேன்.

அதன் பிறகு நான் உட்காரவில்லை. நின்றுகொண்டேதான் ஐஸ் போட்டேன்.

அவள் மாடிப்படி ஏறுகிறவளைப் போல மூச்சு வாங்கினாள். கூப்பிட்டிருக்கலாம். காலால் தட்டியிருந்தால்கூடப் போதும், அவ்வளவு பக்கத்தில் இருந்தாள். திரையில் இன்னும் கொஞ்சம்தான் பாக்கியிருந்தது. உதட்டின் நிறம் மாறியதைப் பார்த்தேன். மூச்சுச் சத்தம் விட்டு விட்டு வந்ததையும் கேட்டேன். பிறகு அது வரவில்லை. மைனஸ் அறுபத்தெட்டு டிகிரி, போர்டு உலர்ந்திருந்தது. கணக்கு ஒரு பிழையுமில்லாமல் முடிந்தது. திரையைப் படமெடுத்துப் போட்டிக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் ஜன்னலைத் திறந்தேன்.

வெளியே பெஞ்சில் மச்சான் உட்கார்ந்திருக்கிறான். "நான்தான் எங்க அக்காவைக் கொன்னுட்டேன்" என்று அழுதுகொண்டிருக்கிறான். அவன்மேல் தப்பில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். அவன் தெளிவாகத்தான் சொன்னான். ஜன்னலைச் சாத்தியது நான். தெரிந்த பிறகும் திறக்காமல் இருந்தது நான்.

ஏன் எழுப்பவில்லை, ஏன் எழுப்பவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ராத்திரி முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டு வந்தவள், சார். நல்ல தூக்கம். எழுப்ப மனசு வரவில்லை.