எழுத்தின் வழவழப்பு

இப்போதெல்லாம் யாருக்கும் ஒன்றை இருந்தபடி விட மனசு வருவதில்லை. நன்றாக ஓடுகிற ஃபேனைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டுகிறார்கள். என் மகனும் அந்த ரகம்தான். கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கிற ஒரு புரோகிராமை அவனே எழுதினான். நான் ஐந்தாவதோடு நின்றவன், லேத் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம். எவன் என்ன சொன்னாலும் அளந்து பார்க்காமல் நம்புவதில்லை.

என் வீட்டுக்காரி தினமும் காலையில் அதில், வெளியூரில் இருக்கிற மகனுக்கு ஒரு பக்கம் எழுதுவாள். எழுத்தின் விளிம்பு ரம்பப் பல் மாதிரி இருக்கிறது, கண் வலிக்கிறது என்றாள். அவளுக்காகவே ஒரு வசதி சேர்த்தான். விளிம்பில் லேசாகச் சாம்பல் நிறம் பூசினால் கண் ஏமாந்து, வளைவு என்று நம்பிவிடுமாம். பூஜ்யம் முதல் நான்கு வரை அளவு. நான்கில் வைத்த அன்று அவள் சிரித்த சிரிப்பு, கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காதது.

அதே மெஷினில்தான் நானும் பட்டறை அளவுகளைக் குறித்து வைத்திருந்தேன். பழசை எடுத்துவிடாதே என்று போனில் கத்தினேன்.

"எடுக்கலப்பா. உங்க பழைய மெஷினும் பழைய ஃபைலும் ஓடணும்ல? பூஜ்யத்துல வச்சா முன்ன மாதிரியே இருக்கும். உங்களுக்காகத்தான் விட்டு வச்சிருக்கேன்."

இதை நினைவில் வையுங்கள். வழியை விட்டு வைத்தவன் அவன்.

மருமகளுக்கு ஏழாம் மாதம். அம்மா மட்டும் வந்து, அங்கேயே தங்கிவிடட்டும் என்று எழுதியிருந்தான். எனக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். அவள் அடித்து வைத்திருந்த பதிலை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'வரேன்டா கண்ணா. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.' நாற்பத்தோரு வருஷம் கூட இருந்தவனிடம் சொல்லத் தெரியவில்லையாம்.

இரும்பை ஒரேயடியாக ஆழமாக வெட்டினால் கத்தும். நூல் நூலாக எடுத்தால் சத்தம் இராது. ஒரு திங்கட்கிழமை அவள் குளிக்கப் போனபோது நான்கை மூன்றாக்கினேன். அடுத்த திங்கள், இரண்டு.

"என்னங்க, எழுத்தெல்லாம் பிசிறடிக்குது."

"வயசாகுதுல்ல. உங்கம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?"

அவள் அம்மா கண் தெரியாமல்தான் போய்ச் சேர்ந்தாள். அதற்குமேல் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண் டாக்டரிடம் போகலாம் என்றாள். அடுத்த வாரம் என்றேன். பிறகு அவளே கேட்பதை விட்டுவிட்டாள். டாக்டர் வாயால் கேட்கப் பயம்.

மகன் போன் செய்தான். "அப்பா, அளவு எதுல இருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன்."

"நாலுலதான் இருக்கு."

"அப்ப அம்மா கண்ணுதான்..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டான்.

பூஜ்யத்துக்கு வந்த வாரம் அவள் பயணத்தைக் கைவிட்டாள். "குழந்தையப் பாத்துக்கன்னு போய், நானே அவங்களுக்கு இன்னொரு குழந்தையா இருக்கணுமா?" என்று சிரித்தாள். அதன்பின் அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மகன் எழுதுவதைப் படித்துக் காட்டினேன், வேண்டியதை மட்டும். அவளுக்குத் தலைகூட வாரிவிட்டேன். எங்கள் வாழ்க்கையில் நல்ல நாட்கள் அவைதான்.

அவள் கெட்டிக்காரி. பார்வை முழுசாகப் போவதற்குள் பழகிவிட வேண்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கத் தொடங்கினாள். அடுப்புக்கு ஒன்பது அடி. குழாய்க்கு ஆறு. மாடிப்படி பதினான்கு.

"எண்ணிக்கை சரியாங்க?"

"சரிதான்."

கண்ணைத் திறடி, உனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் பெட்டியைக் கட்டிவிடுவாள். ஒரு வியாழக்கிழமை, கீழே நின்று நான் பார்த்துக்கொண்டிருக்க, மேலிருந்து எண்ணிக்கொண்டே இறங்கினாள். பதினொன்று வரை கேட்டது.

எல்லாம் முடிந்தபின் மகன் அந்த மெஷினைத் திறந்தான். எழுத்தின் அளவைத் தேடிப் பார்த்தான்.

"அப்பா, பூஜ்யத்துல இருக்கு. நீங்க பாத்தப்போ நாலுல இருந்துச்சுல்ல? தானா இறங்கியிருக்கு. பழைய மெஷின் நின்னுடக் கூடாதுன்னு, தேவைப்பட்டா பழையபடி மாறிக்கிற மாதிரி நான்தான் ஒரு வரி எழுதி வச்சேன். அம்மா கண்ணு நல்லாத்தான்பா இருந்திருக்கு. நான்தான் கொன்னுட்டேன்."

மேசையில் தலையை வைத்துக் கேவினான். தடவிப் பிடித்து என் கையைப் பற்றிக்கொண்டான். "என்னை மன்னிச்சிருங்கப்பா."

"மன்னிச்சாச்சு. எழுந்து முகம் கழுவு," என்றேன்.

கையை விடுவித்துக்கொண்டு வெளியே நடந்தேன். அவன் எழுதிய வரியில் ஒரு தப்பும் இல்லை. இறக்கியது நான்தான், வாரம் ஒன்றாக. ஆனால் அவன் அவளைக் கூப்பிடாமல் இருந்திருந்தால், நான் எதற்கு அதைத் தொடப்போகிறேன்?